சர்வ்லெட் சூழல்

சர்வ்லெட் சூழல் என்பது ஜாவா நிரல்மொழியில் எழுதப்பட்ட வலைச்செயலி ஒன்றின் எல்லாக் கூறுகளுக்கும் பொதுவான வளங்களை வைத்திருக்கும் பொருள் ஆகும். நிரலில் இதன் பெயர் சர்வ்லெட்கான்டெக்ஸ்ட். வழங்கியில் வலைச்செயலி இயங்கத் தொடங்கும்போது இது உருவாக்கப்படுகின்றது. செயலி நிறுத்தப்படும்போது அழிகின்றது. ஒரு ஜாவா மெய்நிகர் இயந்திரத்தில் ஒரு வலைச்செயலிக்கு ஒரு சூழல் மட்டுமே உண்டு. தரவுத்தள இணைப்புகள், அமைப்பு விவரங்கள், அடிக்கடி தேவைப்படும் பட்டியல்கள் போன்றவற்றை ஒவ்வொரு கூறும் தனித்தனியே உருவாக்காமல், ஓரிடத்தில் வைத்து எல்லாம் பகிர்ந்துகொள்வதற்கு இது பயன்படுகின்றது.

ஒரு தரவை எந்த இடத்தில் வைப்பது என்னும் முடிவே அத்தரவை யார் காணலாம், எவ்வளவு காலம் காணலாம் என்பதைத் தீர்மானிக்கின்றது. இம்முடிவு தவறினால் ஒரு பயனரின் தரவு வேறொரு பயனருக்குத் தெரியலாம், அல்லது வலைத்தளம் முழுவதுமாக நின்றுபோகலாம். இக்கட்டுரையில் நூலகம் ஒன்றின் வலைத்தளம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது. நூல் தேடல், இரவல் பதிவு, வாசகர் புகுபதிகை ஆகியன அதன் கூறுகள் எனக் கொள்ளலாம்.

பின்னணி

1993 இல் தோன்றிய சிஜிஐ முறையில், உலாவியிடம் இருந்து வரும் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் வழங்கி ஒரு நிரலைப் புதிதாகத் தொடங்கும். அந்நிரல் மறுமொழியை எழுதிவிட்டு முடிந்துவிடும். இதில் பகிர்வு என்னும் சிக்கலே எழுவதில்லை. பகிர்ந்துகொள்ள எதுவும் நினைவகத்தில் எஞ்சி இருப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் நிரலைத் தொடங்கவும், தரவுத்தளத்துடன் புதிய இணைப்பை ஏற்படுத்தவும் நேரம் வீணாகும். வேண்டுகோள்கள் பெருகும்போது வழங்கி திணறும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1997 இல் வெளியிட்ட சர்வ்லெட் முறை இதனை மாற்றியது. சர்வ்லெட் என்பது ஒரு ஜாவா வகுப்பு. கொள்கலன் எனப்படும் மென்பொருள் அவ்வகுப்பில் இருந்து ஒரேயொரு பொருளை உருவாக்கி நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றது. வரும் வேண்டுகோள் ஒவ்வொன்றும் ஓர் இழையில் அதே பொருளின் வழியாகச் செல்கின்றது. அப்பாச்சி டாம்கேட், ஜெட்டி ஆகியன பரவலாக அறியப்பட்ட கொள்கலன்கள். நிரல் நிலைத்து நிற்பதால் விரைவு கிடைத்தது. அதே காரணத்தால், சிஜிஐ காலத்தில் இல்லாத ஒரு பொறுப்பும் நிரலாளரின் தலையில் விழுந்தது: நினைவகத்தில் இருக்கும் ஒவ்வொன்றும் யாருடையது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

தொடக்கக்காலத்தில் ஒரு சர்வ்லெட் இன்னொரு சர்வ்லெட்டை அதன் பெயரால் நேரடியாகப் பெற்று, அதன் செயற்கூறுகளை அழைக்க முடிந்தது. கெட்சர்வ்லெட் என்னும் செயற்கூறு இதற்கென இருந்தது. இரவல் சர்வ்லெட் தேடல் சர்வ்லெட்டைப் பிடித்து அதனிடம் உள்ள பட்டியலைக் கேட்கலாம். இது வசதியாகத் தோன்றினாலும், கேட்கப்படும் சர்வ்லெட் அந்நேரத்தில் தொடங்கப்பட்டிருக்குமா, அழிக்கப்பட்டிருக்குமா என்பது கொள்கலனுக்கு மட்டுமே தெரியும். 1998 இல் வந்த 2.1 ஆம் பதிப்பு இவ்வழியை அடைத்தது. அச்செயற்கூறு பெயரளவில் தொடர்ந்தபோதிலும் வெறுமையையே திருப்பித் தந்தது. அதற்கு மாற்றாக, பகிர வேண்டிய தரவைச் சூழலில் ஒரு பண்பாக வைக்கவும், பொதுவான செயல்முறைகளைச் சர்வ்லெட் அல்லாத சாதாரண வகுப்புகளில் எழுதவும் பரிந்துரைக்கப்பட்டது. கூறுகள் ஒன்றை ஒன்று தேடிச் செல்லாமல் பொதுவான ஓரிடத்திற்கு வந்து எடுத்துச் செல்லும் இன்றைய அமைப்பு இங்கிருந்தே தொடங்குகின்றது.

வலைச்செயலியின் அடைவு அமைப்பு

வலைச்செயலி என்பதற்கு இறுக்கமான வரையறை 1999 இல் வெளியான 2.2 ஆம் பதிப்பிலேயே கிடைத்தது. அதன்படி ஒரு வலைச்செயலி என்பது ஓர் அடைவு ஆகும். அதன் மேல்மட்டத்தில் மீயுரைப் பக்கங்கள், படிமங்கள், ஜேஎஸ்பி பக்கங்கள் முதலியன இருக்கும். வெப்-இன்ஃப் என்னும் உள்ளடைவில் தொகுக்கப்பட்ட வகுப்புகளும், நூலகக் கோப்புகளும், வெப்.எக்ஸ்எம்எல் என்னும் விவரிப்புக் கோப்பும் இருக்கும். உலாவியில் இருந்து வெப்-இன்ஃப் அடைவில் உள்ள எந்தக் கோப்பையும் நேரடியாகக் கேட்டுப் பெற முடியாது, கொள்கலன் மறுத்துவிடும். எனவே உலாவிக்கு நேரடியாகக் காட்டக்கூடாத ஜேஎஸ்பி பக்கங்களையும் பலர் இவ்வடைவுக்குள்ளேயே வைக்கின்றனர். முழு அடைவையும் வார் என்னும் ஒரே கோப்பாகச் சுருக்கி வேறொரு வழங்கிக்கு எடுத்துச் செல்லலாம்.

வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் சூழலுக்கான தொடக்க அளவுருக்களைக் குறிப்பிடலாம். நூலகத்தின் மின்னஞ்சல் முகவரி, ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரவல் தரப்படும் நூல்களின் எண்ணிக்கை போன்றவை இவ்வகையின. இவற்றை நிரலுக்குள் எழுதிவிட்டால் ஒவ்வொரு மாற்றத்திற்கும் நிரலை மீண்டும் தொகுக்க நேரிடும்.

கோப்புகளைப் படிக்கும்போது வன்வட்டின் முழுப்பாதையை நிரலில் எழுதுவது ஒரு பொதுவான தவறு. எழுதியவரின் கணினியில் அது வேலை செய்யும். வழங்கியில் வேலை செய்யாது. சூழலிடம் வலைச்செயலிக்குள் உள்ள பாதையைத் தந்து கோப்பின் உள்ளடக்கத்தைப் பெறுவதே முறையாகும். உண்மையான வட்டுப் பாதையைக் கேட்கும் செயற்கூறும் உள்ளது. ஆனால் வார் கோப்பு விரிக்கப்படாமல் இயங்கும்போது அப்படி ஒரு பாதையே இராது என்பதால் அது வெறுமையைத் திருப்பித் தரும்.

நான்கு வரம்புகள்

ஜாவா வலைச்செயலியில் ஒரு தரவை வைப்பதற்கு நான்கு இடங்கள் உள்ளன. அவை வரம்புகள் எனப்படுகின்றன. இவற்றுள் மிகக் குறுகியது பக்க வரம்பு. அது ஒரு ஜேஎஸ்பி பக்கம் எழுதப்படும் வரை மட்டுமே நிலைக்கும். இது குறித்துச் சொல்வதற்கு அதிகமில்லை.

வேண்டுகோள் வரம்பு ஒரு வேண்டுகோள் வந்து மறுமொழி முடியும் வரை நீடிக்கின்றது. ஒரு சர்வ்லெட் தேடலைச் செய்து முடிவுகளை வேண்டுகோளில் ஒரு பண்பாக வைத்துவிட்டு, ஜேஎஸ்பி பக்கத்துக்கு வேலையைக் கைமாற்றலாம். அப்பக்கம் முடிவுகளை எடுத்து அட்டவணையாகக் காட்டும். மறுமொழி முடிந்ததும் அத்தரவைப் பிடித்து வைத்திருக்கும் எதுவும் இராது. எந்த இடத்தில் வைப்பது என்று ஐயம் எழும்போது இவ்வரம்பைத் தேர்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அமர்வு வரம்பு ஒரு பயனருக்கு உரியது. எச்டிடிபி நெறிமுறையில் வேண்டுகோள்களுக்கு இடையே நினைவு கிடையாது. எனவே கொள்கலன் உலாவிக்கு ஓர் அடையாள எண்ணைக் குக்கியாக அனுப்பி, அடுத்த வேண்டுகோளில் அவ்வெண் திரும்பி வரும்போது அதே பயனர் என அறிந்துகொள்கின்றது. டாம்கேட்டின் இயல்பு அமைப்பில் 30 நிமிடங்கள் எந்த வேண்டுகோளும் வராவிட்டால் அமர்வு முடிவுறும். புகுபதிகை செய்த வாசகரின் பெயரும், அவர் தேர்ந்தெடுத்த நூல்களும் இங்கே வைக்கத்தக்கவை. தேடலில் கிடைத்த ஆயிரக்கணக்கான நூல்களின் பட்டியல் இங்கே வைக்கத்தக்கதன்று. அவ்வாறு வைத்தால், தளத்தை விட்டுச் சென்றுவிட்ட ஒவ்வொரு வாசகரின் பட்டியலும் அடுத்த அரை மணி நேரத்திற்கு நினைவகத்தில் கிடக்கும்.

நான்காவதாகிய செயலி வரம்பே சர்வ்லெட் சூழல் ஆகும். இங்கே வைக்கப்படுவதை எல்லாக் கூறுகளும், எல்லாப் பயனர்களின் வேண்டுகோள்களும் காண்கின்றன. நூல் வகைகளின் பட்டியல், மொழிகளின் பட்டியல் போன்று எல்லோருக்கும் ஒன்றாகவும் அரிதாகவே மாறுவதாகவும் உள்ள தரவுக்கு இது ஏற்ற இடம்.

தொடக்கமும் முடிவும்

பொது வளத்தை யார் உருவாக்குவது என்பது சிறிய கேள்வியாகத் தோன்றும். பலர் எழுதும் முதல் வழி, தேவைப்படும்போது சூழலில் தேடிப் பார்த்து, இல்லையெனில் உருவாக்கி வைப்பதாகும். இரண்டு வேண்டுகோள்கள் ஒரே கணத்தில் வந்தால் இரண்டுமே "இல்லை" என்று கண்டு இரண்டுமே உருவாக்கும். பட்டியல் என்றால் வேலை இருமுறை நடந்ததோடு போகும். தரவுத்தள இணைப்புத் தொகுதி என்றால், முதலாவது தொகுதியின் இணைப்புகள் யாருக்கும் பயன்படாமலும் மூடப்படாமலும் திறந்தபடியே இருக்கும்.

2001 இல் வந்த 2.3 ஆம் பதிப்பு இதற்குக் கேட்பான் என்னும் ஏற்பாட்டைத் தந்தது. சூழல் உருவாகியவுடன், எந்த வேண்டுகோளும் ஏற்கப்படுவதற்கு முன்பே, கொள்கலன் கேட்பானின் தொடக்கச் செயற்கூறை அழைக்கின்றது. பொது வளங்கள் அனைத்தும் அங்கே உருவாக்கப்பட்டுச் சூழலில் வைக்கப்படுகின்றன. செயலி நிறுத்தப்படும்போது முடிவுச் செயற்கூறு அழைக்கப்படுகின்றது. உருவாக்கியவை அங்கே மூடப்பட வேண்டும். தொடங்கியதை எந்த வகுப்பு முடிக்க வேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமிராது. இதற்கு முன்னர், தொடக்கத்திலேயே ஏற்றப்படும் ஒரு சர்வ்லெட்டை, எந்த வேண்டுகோளையும் பெறாவிட்டாலும், இவ்வேலைக்காக மட்டும் எழுதி வைப்பது வழக்கமாக இருந்தது.

இழைகளும் பொது மாறிகளும்

சர்வ்லெட் நிரலாக்கத்தில் மிகவும் ஆபத்தான தவறு, பார்வைக்கு மிகவும் சாதாரணமானது. வாசகர் எண்ணை இரவல் சர்வ்லெட்டின் வகுப்பில் ஒரு மாறியாக அறிவித்துவிட்டு, வேண்டுகோள் வந்ததும் அதில் எண்ணை இட்டு, பின்னர் அவ்வெண்ணைக் கொண்டு தரவுத்தளத்தில் தேடுவதாகக் கொள்வோம். பொருள்நோக்கு நிரலாக்கம் கற்றவருக்கு இது இயல்பான வழி. ஆனால் அச்சர்வ்லெட்டின் பொருள் ஒன்றுதான். அதன் மாறியும் ஒன்றுதான். 101 ஆம் எண் வாசகரின் வேண்டுகோள் வந்து எண் இடப்படுகின்றது. தேடல் தொடங்குவதற்குள் 205 ஆம் எண் வாசகரின் வேண்டுகோள் வேறோர் இழையில் வந்து அதே மாறியில் தன் எண்ணை இடுகின்றது. முதல் இழை தொடரும்போது மாறியில் இருப்பது 205. முதல் வாசகரின் திரையில் இரண்டாம் வாசகரின் இரவல் பட்டியல் தோன்றுகின்றது.

இங்கே பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. பதிவேட்டிலும் எதுவும் இராது. ஒருவரே அமர்ந்து சோதிக்கும்போது இது ஒருநாளும் வெளிப்படாது. இரவல் பட்டியல் என்ற அளவில் இது சங்கடமாக முடியலாம். வங்கிக் கணக்கிலோ மருத்துவப் பதிவிலோ இதே வரிகள் எழுதப்பட்டிருந்தால் விளைவு வேறு. தீர்வு எளியது: ஒரு வேண்டுகோளுக்கு உரியதைச் செயற்கூறின் உள்மாறியாகவோ வேண்டுகோளின் பண்பாகவோ வைத்தால் போதும். உள்மாறிகள் ஒவ்வோர் இழைக்கும் தனித்தனியானவை.

இத்தவற்றில் இருந்து நிரலாளரைக் காக்கும் நோக்குடன் சிங்கிள்த்ரெட்மாடல் என்னும் இடைமுகம் சேர்க்கப்பட்டது. அதனை ஏற்கும் சர்வ்லெட்டின் ஒரு பொருளுக்குள் ஒரு நேரத்தில் ஓர் இழை மட்டுமே நுழையும். ஆனால் சூழலில் உள்ள பண்புகளும், அமர்வில் உள்ள பண்புகளும், வகுப்புக்குப் பொதுவான மாறிகளும் பல இழைகளுக்கும் பொதுவாகவே இருந்தன. காப்பு இருப்பதாக நம்பியவர்கள் உண்மையில் காக்கப்படவில்லை. இல்லாத பாதுகாப்பை விடப் பொய்யான பாதுகாப்பு கேடு விளைவிக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. 2003 இல் வெளியான 2.4 ஆம் பதிப்பு இதனைக் கைவிடத்தக்கதாக அறிவித்தது. 2022 இல் வெளியான 6.0 ஆம் பதிப்பில் இது முற்றாக நீக்கப்பட்டது.

சூழலில் பண்பை வைப்பதும் எடுப்பதும் நடைமுறையில் உள்ள கொள்கலன்களில் பாதுகாப்பானவை. வைக்கப்பட்ட பொருளுக்குள் நடக்கும் மாற்றங்களுக்குக் கொள்கலன் பொறுப்பாகாது. ஹேஷ்மேப் என்னும் சேகரிப்பு வகுப்பைச் சூழலில் வைத்துப் பல இழைகளில் இருந்து அதில் எழுதினால் தரவு காணாமற்போகலாம். ஜாவா 7 வரையிலான பதிப்புகளில் இன்னும் மோசமான ஒன்றும் நிகழக்கூடும்: இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் அதன் உள்ளட்டவணையை விரிவாக்க முயன்றால் உள்ளிணைப்புகள் வட்டமாகிவிடும். அதன்பின் அதில் தேடும் இழை முடிவின்றிச் சுழன்று கணினியின் செயலகத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும். 2004 இல் ஜாவா 5 உடன் வந்த கன்கரன்ட்ஹேஷ்மேப் இத்தகைய பயன்பாட்டுக்காகவே எழுதப்பட்டது. நாள்களை வடிவமைக்கும் சிம்பிள்டேட்ஃபார்மாட் வகுப்பும் பகிரத்தக்கதன்று. அதனைப் பகிர்ந்தால் தவறான நாள்கள் தோன்றும். 2014 இல் ஜாவா 8 இல் சேர்க்கப்பட்ட புதிய நாள் வகுப்புகள் உருவாக்கிய பின் மாறாதவை என்பதால் அவற்றுக்கு இச்சிக்கல் இல்லை.

அரிதாக மாறும் பட்டியல்களுக்குப் பூட்டுகள் இல்லாத எளிய வழி ஒன்று உண்டு. பட்டியலில் ஒரு வகையைச் சேர்க்க வேண்டுமெனில், சூழலில் உள்ள பட்டியலைத் தொடாமல் முழுப் பட்டியலையும் தனியே புதிதாக உருவாக்கி, முடிந்தபின் பழையதன் இடத்தில் அதனை வைக்கலாம். பழையதைப் படித்துக்கொண்டிருக்கும் இழைகள் பழையதையே படித்து முடிக்கும். பின்னர் வருபவை புதியதைக் காணும். அரைகுறையான பட்டியலை யாரும் காண்பதில்லை.

தரவுத்தள இணைப்புகள்

பகிரப்படும் வளங்களுள் அதிகம் பேசப்படுவது தரவுத்தள இணைப்பு. ஓர் இணைப்பை ஏற்படுத்துவதற்குப் பிணையத்தில் கைகுலுக்கலும் கடவுச்சொல் சரிபார்ப்பும் தேவை. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் தரவுத்தள வழங்கி ஒரு தனிச் செயலாக்கத்தையே தொடங்குகின்றது. ஒரு சிறு வினவலுக்காக இவ்வளவும் செய்வது வீண். மறுபுறம், ஒரே இணைப்பைச் சூழலில் வைத்து எல்லா இழைகளும் பயன்படுத்தினால், ஓர் இழை தொடங்கிய பரிமாற்றத்தை இன்னோர் இழை முடித்துவிடும். எனவே இணைப்புத் தொகுதி என்னும் இடைவழி பயன்படுகின்றது. சில இணைப்புகள் முன்கூட்டியே திறந்து வைக்கப்படுகின்றன. கூறுகள் ஒன்றை இரவல் பெற்று, வேலை முடிந்ததும் திருப்பித் தருகின்றன. டேட்டாசோர்ஸ் என்னும் இடைமுகத்தின் வழியாக இத்தொகுதி அணுகப்படுகின்றது. அதனைக் கொள்கலனே உருவாக்கி ஒரு பெயரில் வழங்கலாம். அல்லது கேட்பான் உருவாக்கிச் சூழலில் வைக்கலாம்.

இதில் பெயர்பெற்ற தவறு திருப்பித் தர மறப்பதாகும். டாம்கேட்டின் இயல்பு அமைப்பில் ஒரே நேரத்தில் 200 இழைகள் வரை வேண்டுகோள்களைக் கையாளலாம். அப்பாச்சியின் டிபிசிபி தொகுதியின் இயல்பான உச்ச அளவு 8 இணைப்புகள் மட்டுமே. தேடலின் நடுவே பிழை ஏற்படும்போது மட்டும் இணைப்பு திரும்பாத வகையில் நிரல் எழுதப்பட்டிருந்தால், அத்தகைய எட்டாவது பிழைக்குப் பின் தளம் நின்றுவிடும். டிபிசிபி இயல்பாகக் கால வரையறையின்றிக் காத்திருக்கும் என்பதால், எஞ்சிய இழைகள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நிற்கும். தரவுத்தளம் நலமாகவே இருக்கும். கணினியின் செயலகமும் ஓய்வாக இருக்கும். உலாவியில் மட்டும் எதுவும் வராது. கொள்கலனை நிறுத்தித் தொடங்கினால் சரியாகிவிடுவதால் உண்மையான காரணம் நெடுநாள் மறைந்திருப்பதும் உண்டு. பின்னாளில் வந்த ஹிக்காரிசிபி என்னும் தொகுதி இயல்பாக 30 விநாடிகள் மட்டுமே காத்திருந்து பிழையை அறிவிக்கின்றது. உடனே வெளிப்படும் பிழையே இங்கு நிரலாளருக்குச் செய்யப்படும் உதவி. 2011 இல் ஜாவா 7 உடன் வந்த தொடரமைப்பு ஒன்று, குறிப்பிட்ட நிரற்பகுதி எவ்வாறு முடிந்தாலும் இணைப்பைத் தானாகவே மூடிவிடுகின்றது.

எல்லாம் முறையாகத் திருப்பித் தரப்பட்டாலும் தளம் நிற்கக்கூடும். இரவல் பதிவுக்காக ஓர் இணைப்பைப் பெற்ற கூறு, அதைக் கையில் வைத்துக்கொண்டே வாசகர் விவரத்தைப் பெற வேறொரு வகுப்பை அழைப்பதாகவும், அவ்வகுப்பு தனக்கென இரண்டாவது இணைப்பைக் கேட்பதாகவும் கொள்வோம். ஒரே கணத்தில் எட்டு வாசகர்கள் வந்தால் எட்டு இழைகளும் தலா ஒன்றைப் பெற்றுக்கொண்டு இரண்டாவதற்காக ஒன்றை ஒன்று எதிர்பார்த்து நிற்கும். தொகுதியைப் பெரிதாக்குவது இதனைத் தள்ளிப்போடுமே தவிரத் தீர்க்காது. ஒரு வேண்டுகோள் ஓர் இணைப்பையே தொடக்கம் முதல் முடிவு வரை பயன்படுத்தும்படி வகுப்புகளை அமைப்பதே தீர்வு.

நெடுநேரம் பயன்படாத இணைப்புகளும் தொல்லை தருவன. மைஎஸ்கியூஎல் இயல்பாக 28,800 விநாடிகள், அதாவது எட்டு மணி நேரம், அசைவற்றிருக்கும் இணைப்பைத் தானே துண்டித்துவிடும். இரவில் யாரும் வராத தளத்தில் காலையில் வரும் முதல் வாசகர் பிழைப் பக்கத்தைக் காண்பது இதனாலேயே. இணைப்பைத் தருமுன் ஒரு சிறு வினவலால் சோதித்துப் பார்க்கும்படி தொகுதியை அமைக்கலாம்.

வடிகட்டிகளும் எழுத்துக் குறிமுறையும்

எல்லா வேண்டுகோள்களுக்கும் பொதுவாகச் செய்யவேண்டிய வேலைகளை ஒவ்வொரு சர்வ்லெட்டிலும் எழுதுவதற்குப் பதிலாக, வேண்டுகோள் சர்வ்லெட்டை அடையுமுன் இடைமறிக்கும் வடிகட்டியில் எழுதலாம். இதுவும் 2.3 ஆம் பதிப்பில் வந்ததே. புகுபதிகை செய்தவரா எனச் சரிபார்த்தல், மறுமொழியைச் சுருக்குதல் முதலியன வடிகட்டிகளால் செய்யப்படுகின்றன.

தமிழில் இயங்கும் தளங்களுக்கு வடிகட்டியின் முதற்பயன் எழுத்துக் குறிமுறையில் இருந்தது. உலாவி படிவத்தை அனுப்பும்போது குறிமுறையைக் குறிப்பிடாவிட்டால், ஐஎஸ்ஓ 8859-1 என்னும் மேலை ஐரோப்பியக் குறிமுறையையே கொள்கலன் கருதிக்கொள்ள வேண்டும் என விதி இருந்தது. ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொண்டது. "தமிழ்" என்னும் சொல் ஐந்து குறியீடுகளால் ஆனது. எனவே 15 பைட்டுகள். வாசகர் தேடல் பெட்டியில் அச்சொல்லை இட்டால், சர்வ்லெட்டின் கையில் 15 பொருளற்ற இலத்தீன் குறிகள் கிடைக்கும். தேடல் எதையும் கண்டுபிடிக்காது. மறுமொழியை அதே ஐரோப்பியக் குறிமுறையில் எழுதினால் தமிழ் எழுத்துகளின் இடத்தில் கேள்விக்குறிகள் வரும்.

வேண்டுகோளின் குறிமுறையை யுடிஎஃப்-8 என அறிவிக்கும் செயற்கூறு 2.3 ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. வேண்டுகோளில் இருந்து எந்த அளவுருவும் படிக்கப்படுவதற்கு முன்பே அதனை அழைக்க வேண்டும், பிந்தினால் பயனில்லை. எனவே அதை எல்லாவற்றுக்கும் முதலாவதான வடிகட்டியில் வைப்பது வழக்கமாயிற்று. முகவரியின் ஒரு பகுதியாக வரும் தேடல் சொல்லுக்கு இது போதாது. அதற்குக் கொள்கலனின் அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. டாம்கேட் 8 ஆம் பதிப்பில் இருந்து முகவரிகளுக்கு யுடிஎஃப்-8 இயல்பானது. 2017 இல் வெளியான சர்வ்லெட் 4.0 பதிப்பு, குறிமுறையை வெப்.எக்ஸ்எம்எல் கோப்பிலோ சர்வ்லெட் சூழலிலோ ஒரே முறை அறிவிக்க வழி செய்தது. முழுச் செயலிக்கும் பொதுவான இத்தகவல் இவ்வாறு தனக்கு உரிய இடத்தை அடைவதற்கு இருபது ஆண்டுகள் ஆயின.

காட்சியைப் பிரித்தல்

1999 இல் வந்த ஜேஎஸ்பி பக்கங்களில் மீயுரையின் நடுவே ஜாவா வரிகளை எழுதலாம். தொடக்கத்தில் பல தளங்கள் தரவுத்தள வினவல்களையும் பக்கத்துக்குள்ளேயே கொண்டிருந்தன. ஒரு பக்கத்திற்கு இது எளிது. நாற்பது பக்கங்களில் ஒரே வினவல் நாற்பது முறை எழுதப்பட்டிருக்கும். இதற்கு மாற்றாகச் சர்வ்லெட் வேண்டுகோளைப் பெற்று, சாதாரண வகுப்புகளைக் கொண்டு வேலையைச் செய்து, விடையை ஜேஎஸ்பி பக்கத்துக்குத் தரும் இரண்டாம் மாதிரி என்னும் அமைப்பு பரவியது. 1970களின் இறுதியில் டிரிக்வே ரீன்ஸ்காக் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் வகுத்த மாதிரி, காட்சி, கட்டுப்படுத்தி என்னும் பிரிவினையே இதன் மூலம். கிரெக் மெக்லனகன் 2000 இல் தொடங்கிய ஸ்ட்ரட்ஸ் என்னும் சட்டகம் இவ்வமைப்பைப் பரவலாக்கியது.

வகுப்பேற்றிகளும் நினைவகக் கசிவும்

ஒவ்வொரு வலைச்செயலிக்கும் கொள்கலன் ஒரு தனி வகுப்பேற்றியைத் தருகின்றது. ஆகவே ஒரே வழங்கியில் இரண்டு செயலிகள் ஒரே நூலகக் கோப்பின் வெவ்வேறு பதிப்புகளை மோதலின்றிப் பயன்படுத்தலாம். எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான கோப்புகளைக் கொள்கலனின் சொந்த அடைவில் வைக்கலாம். இணைப்புத் தொகுதியைக் கொள்கலனே உருவாக்கும்போது தரவுத்தள இயக்கியின் கோப்பு அங்கேயே இருக்க வேண்டும். செயலியின் அடைவில் மட்டும் வைத்தால் கொள்கலன் அதைக் காணாது.

இப்பிரிவினைக்கு ஒரு விலை உண்டு. செயலி நிறுத்தப்பட்ட பின் அதன் வகுப்பேற்றியும் வகுப்புகளும் நினைவகத்தை விட்டு நீங்க வேண்டும். செயலிக்கு வெளியே வாழும் ஏதாவது ஒன்று செயலியின் ஒரேயொரு பொருளைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் அவை அனைத்தும் நீங்கா. செயலி பதிவு செய்து நீக்க மறந்த தரவுத்தள இயக்கியும், கொள்கலனின் இழைகளில் ஒட்டிவைத்து அகற்ற மறந்த தரவுகளும் இவ்வாறு பிடித்துவைப்பன. செயலியை நான்கைந்து முறை புதுப்பித்ததும் பெர்ம்ஜென் என்னும் நினைவகப் பகுதி நிரம்பி வழங்கி விழுவது 2000களின் நிரலாளர்களுக்கு நன்கு பழகிய காட்சி. டாம்கேட் 2010 முதல் இத்தகைய கசிவுகளைக் கண்டறிந்து எச்சரிக்கின்றது. ஜாவா 8 இல் பெர்ம்ஜென் பகுதி நீக்கப்பட்டது. கசிவு அதனால் நீங்கவில்லை. நிரம்புவதற்கு எடுக்கும் நேரம் மட்டுமே கூடியது.

பல வழங்கிகள்

சூழல் ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்கு உள்ளேயே வாழ்கின்றது. தளத்தை இரண்டு வழங்கிகளில் இயக்கினால் இரண்டு சூழல்கள் இருக்கும். ஒன்றில் வைத்ததை மற்றது அறியாது. வருகையாளர் எண்ணிக்கையைச் சூழலில் வைத்த தளம், பக்கத்தைப் புதுப்பிக்கும்தோறும் இருவேறு எண்களை மாறிமாறிக் காட்டும். கடைசிப் பிரதியை இருவருக்கு இரவல் தந்துவிடாமல் தடுக்கும் பூட்டு சூழலில் இருந்தால், இரண்டு வழங்கிகளும் தனித்தனியே பூட்டிக்கொண்டு இருவருக்கும் தந்துவிடும். இத்தகைய பூட்டு தரவுத்தளத்தில் இருக்க வேண்டியது. அமர்வுகளை வழங்கிகளுக்கு இடையே நகர்த்தக் கொள்கலன்களில் வசதி உண்டு. அமர்வில் வைக்கப்பட்ட பொருள்கள் பைட்டுத் தொடராக மாற்றத்தக்கவையாக இருப்பது அதற்குக் கட்டாயம். 2003 இல் வந்த மெம்கேஷ்டி, 2009 இல் வந்த ரெடிஸ் ஆகியன பொதுத் தரவை வழங்கிகளுக்கு வெளியே தனியாக வைக்க உதவுகின்றன.

பிற்காலச் சட்டகங்கள்

ராட் ஜான்சன் 2002 இல் வெளியிட்ட நூலின் நிரல்களில் இருந்து வளர்ந்த ஸ்பிரிங் சட்டகத்தின் 1.0 பதிப்பு 2004 இல் வெளியானது. இதில் கூறுகள் பொதுவான இடத்திற்குச் சென்று வளங்களை எடுப்பதில்லை. வேண்டிய வளத்தைச் சட்டகமே கூறு உருவாகும்போது அதன் கையில் தருகின்றது. சோதனை செய்யும்போது உண்மையான தரவுத்தளத்துக்குப் பதிலாகப் போலியொன்றைத் தருவதும் இதனால் எளிதாகின்றது. எனினும் வலைச்செயலியில் ஸ்பிரிங் தன் முழுப் பொருட்களஞ்சியத்தையும் ஒரு கேட்பான் வழியாகத் தொடங்கி, சர்வ்லெட் சூழலின் ஒரு பண்பாகவே வைக்கின்றது. ஸ்பிரிங் உருவாக்கும் கூறுகளும் இயல்பாக ஒவ்வொன்றுக்கு ஒரே பொருளைக் கொண்டவை. எனவே வகுப்பின் மாறியில் வாசகர் எண்ணை வைக்கும் பழைய தவறு இங்கும் அதே விளைவைத் தரும். 2014 இல் வந்த ஸ்பிரிங் பூட்டில் கொள்கலன் செயலிக்கு உள்ளேயே வைக்கப்படுகின்றது, வெப்.எக்ஸ்எம்எல் கோப்பு தேவையில்லை. சூழல் அங்கும் உண்டு, நிரலாளர் அதை நேரில் காண்பது குறைவு.

ஆரக்கிள் நிறுவனம் 2017 இல் இத்தொழில்நுட்பத்தை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க முடிவு செய்தது. அதன்பின் ஜகார்த்தா என்னும் பெயர் சூட்டப்பட்டு, 2020 இல் வெளியான சர்வ்லெட் 5.0 பதிப்பில் வகுப்புத் தொகுப்புகளின் பெயர்கள் ஜாவாக்ஸ் என்பதில் இருந்து ஜகார்த்தா என மாற்றப்பட்டன. டாம்கேட் 10 முதல் புதிய பெயர்களையே ஏற்கின்றது. பழைய பெயர்களில் எழுதப்பட்ட செயலிகள் டாம்கேட் 9 இலேயே மாற்றமின்றி இயங்கும்.